ஆறாம் நாள் நிலா

என் கணவர் ஐப்பசியில் இறந்தார். அவருடைய பெயரில் ஓர் அலொட்மென்ற் இருந்தது. விம்பிள்டனுக்கும் நியூ மோல்டனுக்கும் இடையில், ரெயில் பாதையை ஒட்டி, கவுன்சில் வாடகைக்கு விடும் தோட்டத் துண்டுகளில் ஒன்று. முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த அடுத்த கிழமை, தோட்டங்களைப் பார்த்துக்கொள்ளும் செயலாளர் தொலைபேசியில் அழைத்தார். நல்ல மனிதர். துக்கம் விசாரித்துவிட்டு விதியைச் சொன்னார். துண்டு கேட்டுக் காத்திருப்பவர்கள் நிறையப் பேர். மார்ச் முடிவுக்குள் நிலத்தைக் கொத்தி வைத்திருந்தால் அது என் பெயருக்கு மாறும். இல்லையென்றால் அடுத்தவருக்குப் போகும். "உங்களுக்கு எது வசதியோ அப்படிச் செய்யுங்கள்" என்றார். நன்றி சொல்லி வைத்தேன். எது வசதி என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் இருப்பது ஒரு தொந்தரவாகவும் படவில்லை.

ஓய்வு பெறும்வரை ஆஸ்பத்திரி மருந்தகம் ஒன்றில் வேலை செய்தவள் நான். மருந்துப் பெட்டியைக் கையில் எடுத்தால் முதலில் காலாவதித் திகதியைப் பார்க்கும் பழக்கம் வீட்டில் பால் போத்தலுக்கு வந்து, பிறகு எல்லாவற்றுக்கும் வந்துவிட்டது. முதல் உறைபனி என்று விழுந்தது, தெருமுனைச் செரி மரம் என்று பூத்தது, எந்த நாளில் குளவி கடைசியாக வந்தது என்றெல்லாம் எழுதி வைப்பேன். தோட்டத்தில் கணவர் கொத்துவார். நான் மடக்குக் கதிரையில் இருந்து திகதி எழுதுவேன். எங்கள் வேலைப் பங்கீடு அவ்வளவுதான். அந்தக் குளிர்காலத்திலும் ஒரு நாள் விடாமல் எழுதினேன். வெப்பநிலை, காற்று, மழை. வேறொன்றும் எழுத வரவில்லை. வாட்டிய பாண் துண்டை நின்றபடியே சாப்பிட்டேன். அழவில்லை. வந்தவர்கள் தைரியமான மனுசி என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

எங்கள் துண்டுக்கு வலப்பக்கத் துண்டு ஒரு கொரியப் பெண்ணுடையது. நியூ மோல்டனில் கொரியர்கள் அதிகம். அவள் அங்கே பெண்களுக்கான தலைமுடி அலங்காரக் கடை நடத்தி, அண்மையில்தான் அதை விற்றிருந்தாள். கொரியாவின் தென்கிழக்கில் ஒரு நகரத்தில் பிறந்து, கமக்காரக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு, மாமியாரோடு சில வருடம் வயலில் நின்று, அந்த வேலையை வெறுத்து லண்டனுக்கு வந்தவள். வெறுத்த வேலையை இங்கே வந்து ஏன் செய்கிறாள் என்று கணவர் ஒருமுறை கேட்டார். "அங்க மாமி சொல்லிச் செய்தன். இங்க நான் சொல்லிச் செய்யிறன்" என்றாள். பழகிய முதல் நாளே என் வயதைக் கேட்டு, நான் ஒரு வயது மூத்தவள் என்று அறிந்ததும் 'ஒன்னி' என்று கூப்பிடத் தொடங்கினாள். எங்கள் 'அக்கா'தான். நாங்கள் பேசியது ஆங்கிலம். இருவருக்கும் அது இரவல் மொழி. இப்போது நினைக்கும்போது எல்லாம் என் பேச்சிலேயே கேட்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

எங்களுக்குள் பேச்சு வளர்ந்தது நாட்காட்டியால்தான். கொரியக் கமக்காரர்கள் சூரியனின் வருடப் பாதையை இருபத்துநான்கு கூறாக்கி ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். ஏறத்தாழ அரை மாதத்துக்கு ஒன்று. ஏப்ரல் இருபதை ஒட்டி வருவது 'கோகு'. தானியத்துக்கான மழை என்று பொருள். அந்த நாளை ஒட்டி விதைநெல்லை ஊறப்போடுவார்கள், அன்று மழை விழுந்தால் மகிழ்வார்கள். ஓகஸ்ட் கடைசியில் வெயில் தணியும் நாள் ஒன்று உண்டு. அன்று மழை பெய்தால் கதிரில் மணி நிறையாது என்று பயப்படுவார்கள். அவளுடைய தோட்டத்தில் நெல் இல்லை. ஆனாலும் மிளகாய்க் கண்டை மே மாதத்தில் கோடை தொடங்கும் கூறு வரும்வரை வெளியே வைக்கமாட்டாள். முள்ளங்கியும் கோவாவும் வெயில் தணியும் நாளுக்கு முன்னர் மண்ணுக்குள் போய்விடும். உறைபனி இறங்கும் கூறு வந்தால் மிச்சமெல்லாம் பிடுங்கி முடிந்திருக்கும்.

நான் இதையெல்லாம் வாசித்துச் சரிபார்த்தேன். எங்கள் சித்திரைப் பிறப்பு, பகலும் இரவும் சமமாகும் நாளைவிட்டு மூன்று கிழமைக்கு மேல் விலகிப் போய்விட்டது. கொரியர்களின் கூறுகள் இன்னும் அந்தச் சமநாளிலேயே நிற்கின்றன. இதைக் கண்டுபிடித்த அன்று கணவரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் கையில் நாற்றுத் தட்டோடு நின்றார். "இது மிளகாய்க் கண்டுக்குத் தெரியுமோ?" என்று கேட்டார்.

அவளுக்கும் எல்லாவற்றிலும் நம்பிக்கை என்று சொல்ல முடியாது. நிலவைச் சுற்றி வளையம் போட்டால் மழை, தகைவிலான் குருவி தாழப் பறந்தால் மழை, எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினால் மழை என்று அடுக்கிவிட்டு, "இங்க வளையம் போட்டாலும் மழை, போடாட்டிலும் மழை. லண்டனில என்ர மாமிக்கு வேலை இல்லை" என்பாள்.

பெப்ரவரி முதல் கிழமையில் தங்கச்சி ரெய்னர்ஸ் லேனிலிருந்து காரை எடுத்துக்கொண்டு வந்தாள். கொட்டிலுக்குள் கிடந்த கணவரின் சாமான்களை வீட்டுக்குக் கொண்டுவருவது திட்டம். அவர் போனபின் நான் அங்கே போவது அதுவே முதல் தடவை. தங்கச்சி எனக்காக முடிவும் எடுத்து வைத்திருந்தாள்.

"அக்கா, முழங்கால் நோவோட இந்தச் சேத்துக்க நிண்டு என்ன செய்யப் போறியள்? பூட்டுத் திறப்பைக் குடுத்திட்டு நிம்மதியா இருங்கோ. மிளகாய் கடையில கிடக்குது."

"ஓம்" என்றேன்.

அவரது துண்டு முழுவதும் புல் ஏறியிருந்தது. பூசணிக் கொடிகள் கறுத்து, கயிறுபோல மண்ணில் ஒட்டிக் கிடந்தன. பார்த்துக்கொண்டு நின்றேன். நெஞ்சில் ஏதாவது நடக்கும் என்று தங்கச்சி என் முகத்தையே பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. தெற்கிலிருந்து இலேசான காற்று என்று மட்டும் கவனித்தேன்.

அப்போது பக்கத்துத் துண்டின் ஓரத்தில் கொரியக்காரி குந்தியிருந்தாள். எங்களைக் கண்டு எழும்பி வந்தவளின் கையில் ஒரு பார்லிக் கண்டு வேரோடு தொங்கியது. அவர்களுடைய கணக்கில் அன்றுதான் வசந்தம் தொடங்கும் நாள். அந்த நாளில் கமக்காரர் வயலில் ஒரு பார்லியைப் பிடுங்கி வேரை எண்ணுவார்களாம். அதற்காகவே அவள் இலையுதிர்காலத்தில் ஒரு சிறு வரிசை பார்லி போடுவாள். அவள் அதை வெட்டித் தின்று நான் கண்டதில்லை. வேரைத் தண்ணீர்ப் பீப்பாவில் அலசி எங்களுக்குக் காட்டினாள்.

"மூண்டு வேர். நல்ல விளைச்சல்."

"ஒண்டெண்டால்?" என்று தங்கச்சி கேட்டாள்.

"பஞ்சம்."

"இரண்டெண்டால்?"

"ஒரு மாதிரிச் சமாளிக்கலாம்."

"அப்ப எங்கட குடும்பம் எந்த நாளும் இரண்டு வேர்தான்" என்றாள் தங்கச்சி. அவர்கள் இருவரும் சிரித்தார்கள். நான் அந்த வேரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் தன்பாட்டில் கேட்டது.

"என்ர துண்டுக்கும் பாத்துச் சொல்லும். விடட்டோ, வைக்கட்டோ?"

அவள் சிரிப்பை நிறுத்தினாள். "உங்கட நிலத்தில பார்லி இல்லையே, ஒன்னி. மற்ற ஆளின்ர வேரை வைச்சு உங்களுக்குச் சொல்ல ஏலாது." பிறகு யோசித்துவிட்டு, "வேற ஒண்டு இருக்கு. எல்லாருக்கும் பொது" என்றாள்.

நிலவு மாதக் கணக்கில் இரண்டாம் மாதம் ஆறாம் நாள் பின்னேரம், வானத்தில் ஒரு சிறு நட்சத்திரக் கூட்டம் நிலவுக்குப் பக்கத்தில் வரும். நிலவு சோற்றுக் கூடையைத் தலையில் சுமந்துகொண்டு வயலுக்குப் போகும் தாய். நட்சத்திரங்கள் பின்னால் வரும் பிள்ளைகள். பிள்ளைகள் தூரத்தில் ஆறுதலாக வந்தால் வயிறு நிறைந்திருக்கிறது, நல்ல வருடம். தாயை ஒட்டிக்கொண்டு வந்தால் பசி, வருடம் சரியில்லை. இது அவளுடைய பக்கத்தில் சொல்வது. வேறு பக்கங்களில் வேறுமாதிரிச் சொல்வார்கள் என்று பிறகு வாசித்தேன்.

"அது எங்கட கார்த்திகையெல்லோ!" என்றாள் தங்கச்சி. "முருகனுக்குப் பால் குடுத்து வளத்த ஆறு பேர். எங்களுக்குத் தாய்மார், உங்களுக்குப் பசி கிடக்கிற பிள்ளையளோ?"

"எங்கட ஊரில அப்ப எல்லாருக்கும் பசி" என்றாள் அவள்.

அந்த நாளில் பார்த்து, அதன்படி செய்கிறேன் என்றேன். தங்கச்சி காருக்குள் ஏறும்வரை பொறுத்திருந்தாள். "அக்கா, உங்களுக்கு விசரே? நீங்கள் முருகன் கோயிலில பூக்கட்டிக்கூடப் பாத்ததில்லை. இப்ப கொரியா நட்சத்திரத்திட்டக் கேக்கப் போறியள்." முடிவு என் கையை விட்டுப் போய்விட்டது. அது போதுமாக இருந்தது. கொட்டிலில் இருந்து ஒரு சாமானும் எடுக்காமல் திரும்பியதை இருவரும் வீட்டுக்கு வந்துதான் கவனித்தோம்.

அதன்பின் ஒருநாள் பலத்த காற்று. தங்கச்சி என்னோடு இருந்தாள். கொரியக்காரி தொலைபேசியில் அழைத்தாள். தங்கச்சிக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஒன்னி, இண்டைக்கு இரண்டாம் மாதம் பிறக்குது. கிழவி வந்திட்டா."

காற்றுக்கு ஒரு கிழத் தெய்வம். இரண்டாம் மாத முதல் நாளில் பூமிக்கு இறங்குவாள். மகளைக் கூட்டிக்கொண்டு வந்தால் காற்று மட்டும் வீசும், மகளின் பாவாடை அழகாகப் பறக்க வேண்டும் என்பதற்காக. மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்தால் மழை கொட்டும், மருமகளின் உடுப்பு நனைந்து அலங்கோலமாக வேண்டும் என்பதற்காக. கமக்காரருக்கு மருமகள் வருவதுதான் விருப்பம், மண்ணுக்கு ஈரம் கிடைக்கும்.

தங்கச்சி என் கையிலிருந்து தொலைபேசியைப் பறித்தாள். "என்ர மாமி எண்டால் என்னைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கமாட்டா. வீட்டில விட்டுப் பூட்டிப்போட்டுத் தான் தனிய வந்திருப்பா."

மறுமுனையில் அவள் சிரித்து அடங்க நேரம் எடுத்தது.

ரெய்னர்ஸ் லேன் கடையில் கொடுத்த தமிழ் நாட்காட்டி சமையலறைக் கதவில் தொங்கியது. போய்ப் பார்த்தேன். அன்று அமாவாசை. முதலாம் நாள் என்றால் பிரதமை, அது நாளைக்கு. அவள் ஒரு நாள் முந்திச் சொல்கிறாள் என்று நினைத்தேன். வேறு காலமாக இருந்தால் உடனே அழைத்துத் திருத்தியிருப்பேன். அன்று கை எழும்பவில்லை. ஆறாம் நாள் சஷ்டி, வியாழக்கிழமை. அதை மட்டும் அவளுக்குச் செய்தியாக அனுப்பினேன்: வியாழன் பின்னேரம் தோட்டத்துக்கு வாறன். பதில் வரக் கொஞ்சம் நேரம் ஆனது. "ஓம் ஒன்னி, வியாழன். வாங்கோ."

புதன்கிழமை பின்னேரம் சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். வானம் வெளித்திருந்தது. யன்னலுக்கு நேரே நிலா. அதன் இடது மேல்பக்கம், மிக அருகில், கண்ணாடியில் விரல் பட்ட அழுக்குப்போல நட்சத்திரக் கூட்டம். தெளிந்த வானம், காற்றில்லை என்று எழுதிவிட்டுப் படுத்தேன்.

வியாழன் ஏழு மணிக்குத் தோட்டத்து வாசலில் அவள் எனக்காகக் காத்திருந்தாள். இருட்டிவிட்டது, ஆனால் நிலா வெளிச்சம் இருந்தது. பார்லி வரிசைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தோம். நிலா மேலே ஏறியிருந்தது. நட்சத்திரங்கள் இப்போது அதன் வலது கீழ்ப்பக்கம், சற்றுத் தள்ளி. நிலவு போகும் மேற்குத் திசையில் அவை முன்னால் நின்றன.

"பாத்தீங்களோ!" என்றாள், நான் சரியாகப் பார்ப்பதற்கு முன்னரே. "பிள்ளையள் தாயை விட்டிட்டு முன்னால ஓடீட்டினம். வயிறு நிறைஞ்ச பிள்ளையள்தான் அப்பிடி ஓடும். நல்ல வருசம் ஒன்னி. வையுங்கோ."

ஒரு ரெயில் போனது. அதன் வெளிச்சம் எங்கள் இருவர் மேலும் ஓடி முடிந்தது. எனக்குள் ஒரு கணக்கு தானாக நடந்தது. நேற்று நட்சத்திரம் நிலவுக்குப் பின்னால். இன்று முன்னால். ஒரு நாளில் பதில் தலைகீழாகிவிடும் என்றால், எது ஆறாம் நாள் என்பதுதான் எல்லாம்.

"உங்கட கணக்கில முதலாம் நாள் எது? அமாவாசையோ, அடுத்த நாளோ?"

"அமாவாசை" என்றாள்.

"அப்ப ஆறாம் நாள் நேற்று."

"ஓம். நேற்று."

"நீர் நேற்றுப் பாத்தனீரோ?"

"பாத்தனான். ஒட்டிக்கொண்டுதான் வந்தவை." நிலவைப் பார்த்தபடி சொன்னாள். "நீங்கள் வியாழன் எண்டு எழுதினீங்கள். சரி, வியாழனே இருக்கட்டும், ஒரு நாள் பிந்தினால் நிலா அவையைக் கடந்திடும் எண்டு விட்டிட்டன்."

அவள் பொய் சொல்லவில்லை. என் பிழையைத் திருத்தாமல் விட்டாள், அவ்வளவுதான். கோபம் வரவேண்டிய இடம் என்று எனக்குத் தெரிந்தது. வரவில்லை. நன்றியும் வரவில்லை. வந்தது இன்னொரு கணக்கு.

"கொரியாவில பின்னேரமாகேக்க இங்க காலமை. நிலா இங்க வந்து சேர முதல் இன்னும் கொஞ்சம் நகர்ந்திடும். அப்ப நேற்று உங்கட ஊரில பாத்த ஆக்களுக்கு நட்சத்திரம் இன்னும் தூரத்தில இருந்திருக்கும்."

"அப்ப என்ர ஊரில நல்ல வருசம், நியூ மோல்டனில பஞ்சமோ?" என்றாள். அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. நானும் சிரித்ததாக ஞாபகம். சத்தம் மட்டும் வந்தது.

பிறகு கேட்டேன். "கெட்ட வருசம் எண்டு தெரிஞ்சால் உங்கட மாமி என்ன செய்வா? விதைக்காமல் விடுவாவோ?"

"விடுறதோ?" அவளுக்குக் கேள்வியே விளங்கவில்லை போலிருந்தது. "விட்டால் என்னத்தைத் தின்னுறது? பக்வீற் எண்டு ஒரு தானியம், அதின்ர விதையை எடுத்து வெளியில வைப்பா. மழை பிந்தி நாற்று நட ஏலாட்டில் அந்த வயலில அதைத்தான் போடுவினம். கெதியா விளையும், தண்ணி பெரிசாத் தேவையில்லை. ருசியும் இல்லை. மாமி அதில நூடில்ஸ் செய்வா, நான் அழுதழுது தின்பன்."

"அப்ப இந்த நட்சத்திரம் பாக்கிறது விடவோ வைக்கவோ எண்டுறதுக்கு இல்லை."

"இல்லை. எதைப் போடுறது எண்டுறதுக்கு."

"அதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே."

அவள் கையுறையைக் கழற்றி மறுபடி போட்டாள். "நீங்கள் மாசக்கணக்கா ஒண்டும் கேக்கேல்லை, ஒன்னி. நான் கொண்டுவந்து தந்த கிம்ச்சிப் போத்தலைக்கூடத் திறந்தீங்களோ தெரியாது. அண்டைக்குத்தான் ஒண்டு கேட்டீங்கள். அதைப் பிழை எண்டு சொல்ல எனக்கு மனம் வரேல்லை." பிறகு, "எனக்கும் புதுசா ஒரு ஆளைப் பக்கத்தில வைச்சு வயசு கேக்கத் தொடங்க ஏலாது" என்றாள்.

அந்தக் கோவா ஊறுகாய்ப் போத்தலை நான் திறக்கவில்லை. அதையும் சொன்னேன். "தெரியும்" என்றாள்.

அன்று வீடு திரும்பியபோதும் முடிவு என்று ஒன்று என்னிடம் இருக்கவில்லை. ஆனால் எதிர்பார்த்துக் காத்திருக்க ஒரு நாளும் மிச்சமில்லை. மார்ச் முடிவு மட்டும் நாட்காட்டியில் நின்றது. அடுத்த கிழமை, மழை இல்லாத ஒரு காலையில், பஸ் எடுத்துத் தோட்டத்துக்குப் போனேன். கொட்டிலைத் திறந்து மண்வெட்டியை எடுத்தேன். விருப்பத்தோடு எடுத்தேன் என்று எழுத முடியாது. வீட்டில் இருப்பதும் அங்கே நிற்பதும் ஒன்றாகத்தான் இருந்தன. அங்கே நின்றால் கைக்கு ஒரு வேலை இருந்தது. முழங்கால் நொந்தது. அந்த நோவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெளிவாகத் தெரிந்தது. மாதக்கணக்கில் அப்படித் தெளிவாக ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

புல்லை வேரோடு புரட்டிப் புரட்டிக் கொத்தினேன். அவர் எப்படிக் கொத்துவார் என்று எனக்குத் தெரியும். பின்னோக்கி நடந்து, புரட்டிய மண்ணை மிதிக்காமல். திகதி எழுதிக்கொண்டு கண்ணால் பார்த்த வேலை அது. என் கைக்கு அது வரவில்லை. நான் முன்னோக்கி நடந்து, கொத்தியதை மிதித்து, மறுபடி கொத்தினேன். பக்கத்துத் துண்டிலிருந்து அவள் பார்த்தாள். பிறகு தன் வெங்காயத்துக்குத் திரும்பினாள். இரண்டாம் நாள் தங்கச்சி வந்தாள். வேலியடியில் நின்று பார்த்துவிட்டு, "குடுக்கப் போறியள் எண்டெல்லோ நினைச்சன்" என்றாள்.

"நானும் அப்பிடித்தான் நினைச்சன்."

"இப்ப சந்தோசமோ?"

"இல்லை."

"அப்ப ஏன் கொத்துறியள்?"

"தெரியேல்லை. அந்த வாளியை இஞ்சால தாரும்."

தந்தாள். பிறகு சப்பாத்து அழுக்காகும் என்று முணுமுணுத்துக்கொண்டே கல் பொறுக்கினாள்.

மார்ச் கடைசிச் சனிக்கிழமை செயலாளர் தோட்டம் தோட்டமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். எங்கள் துண்டில் பாதிக்கு மேல் கறுப்பு மண் தெரிந்தது. மிச்சம் புல்தான். அவர் எல்லையில் நின்று மேலும் கீழும் பார்த்தார். நன்றாகக் கொத்தியிருக்கிறீர்கள், இது போதும், பெயரை மாற்றிவிடுகிறேன் என்றார். என் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னேன். இந்த வருடம் என்ன போடப்போகிறீர்கள் என்று கேட்டார்.

இன்னும் தெரியாது என்றேன். உண்மையில் தெரியாது. அவர் தலையாட்டிவிட்டு அடுத்த துண்டுக்குப் போனார். மண்வெட்டி நட்டபடி மண்ணில் நின்றது. மணி பதினொன்றுகூட ஆகவில்லை. மிச்சப் புல்லுப் பக்கம் போய்க் கொத்தத் தொடங்கினேன்.